இரவல் போன குகதாசன்

தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் பின்சுவரில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சாப்பாட்டுக் கோப்பையளவு அகலத்தில் ஒரு சிவப்பு அடையாளம் இருந்தது. வீட்டுக்காரர் இரண்டு தடவை பெயின்ற் அடித்தும் அது போகவில்லை. கிரிக்கெட் பந்தால் வந்த அடையாளம். பந்தைப் போட்டவர் எங்கள் மேல்மாடி அறையில் இருந்த குகதாசன் அண்ணை.

அவர் யாழ்ப்பாணம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். எண்பத்துநான்கில் லண்டனுக்கு வந்து, அடுத்த வருடம் எங்களோடு குடிவந்தார். பெற்றோல் ஸ்டேசனில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்து, மத்தியானம் எழும்பி, தேத்தண்ணி குடித்த கையோடு பின்வளவுக்குப் போவார். சீமெந்துத் தரையில் ஒரு லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, விரித்துவைப்பார். பந்து போடும் தூரத்துக்கு எங்கள் வளவு காணாது. அதனால் பின் ஒழுங்கையில் நின்று நாலு எட்டு வைத்து, படலைக்குள்ளால் வந்து, இடது கையால் பந்தை மேலே தூக்கி விடுவார். அது அவசரமில்லாமல் வரும். லேஞ்சியில் விழும். விழுந்த பிறகு நேரே போகாது. கூச்சப்பட்ட ஆள் சபையில் ஒதுங்குவதுபோல விலகிப்போய்க் குழாயடிச் சுவரில் இடிக்கும்.

நான் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்; கிரிக்கெட்டின் சட்டதிட்டம் அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். நூறு பந்து போட்டால் எண்பது லேஞ்சியில் விழும். காற்றடிக்கும் நாளில் எழுபது.

“மட்சிலையும் இப்பிடித்தானோ அண்ணை போடுறனீங்கள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் பந்தைக் காற்சட்டையில் துடைத்தார்.

“மட்சிலை நான் எங்கை தங்கச்சி போடுறது. தந்தால்தானே. ஒரு ஓவர், சரியான மட்சிலை ஒரு ஓவர் போட்டிட வேணும். ஆறு பந்து. அதுக்குப் பிறகு என்னை வீட்டை போ எண்டாலும் போவன்.”

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சனிக்கிழமை தவறாமல் கிளப்பில் விளையாடிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் சாண்ட்ஃபீல்ட் கிரிக்கெட் கிளப் இருந்தது. முதலில் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தார். மைதானம் பராமரிக்கும் லென் என்ற வெள்ளைக்காரர் அவரைக் கூப்பிட்டு உருளை தள்ளக் கைகொடுக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒரு மாதம் உருளை தள்ளினார்கள். ஒரு சனிக்கிழமை மூன்றாவது அணிக்கு ஒரு ஆள் குறைந்தது. லென் இவரை முன்னால் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து குகதாசன் அண்ணை பதினோராவது ஆள். “குகதாசன்” வாயில் வரவில்லை என்று அவருக்குக் “கென்” என்று பெயர் வைத்தார்கள்.

அணித் தலைவர் பிளண்டல். வீடு விற்றுக் கொடுக்கும் தொழில். உயரமான மனுசன், காது மட்டும் எப்போதும் சிவந்திருக்கும். முதல் நாளே அவர் இவரைக் கேட்டாராம்: “எந்தப் பாடசாலையில் விளையாடினாய், கென்?”

“பாடசாலையில் இல்லை. பஸ் டிப்போவில். நான் பந்து போடுவேன்.”

“நல்லது, நல்லது,” என்று சொல்லி பிளண்டல் அவரை மைதானத்தின் தூரத்து மூலைக்கு அனுப்பினார். அந்த மூலையில் வேலியோரம், தொட்டாலே சுணைக்கும் காஞ்சோண்டிப் பற்றை. எல்லைக்குப் போகும் பந்து அதற்குள்தான் புகும். புகுந்த பந்தை எடுப்பது குகதாசன் அண்ணையின் வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் முழங்கை வரை தடித்துச் சிவந்து வருவார். நான் சுண்ணாம்புத் தண்ணி கொடுப்பேன்.

“இண்டைக்கு எத்தினை தரம் அண்ணை?”

“ஒன்பது. எங்கடை ஆக்கள் மோசமாப் போட்டவை.”

ஆறு கோடை இப்படியே போனது. ஒவ்வொரு கோடை தொடக்கத்திலும் தான் பந்து போடுவேன் என்று பிளண்டலுக்குச் சொல்வார். பிளண்டலும் ஒவ்வொரு தடவையும் முதல்தரம் கேட்பவர்போல மகிழ்ச்சியாகத் தலையாட்டுவார். உடுப்பு மாற்றும் அறையில் கறி மணக்கிறது என்று ஒருவர் சொல்ல, இவர் அன்று பாணும் ஜாமும்தான் சாப்பிட்டவர் என்பதால் சுற்றிச் சுற்றி மணந்து பார்த்தாராம். சரே பக்கத்து ஊர் ஒன்றுக்கு விளையாடப் போனபோது, வாசலில் நின்றவர் இவரைக் கண்டதும் சாப்பாட்டுச் சாமான் பின்வாசலால் வரவேண்டும் என்று காட்டிவிட்டார். இவரும் பின்வாசலால் போனார். அங்கே பாண் தட்டுகள் வண்டியில் நிற்பதைக் கண்டு, சும்மா போவானேன் என்று இரண்டு தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். தேநீர் வேளையில் தான் தூக்கிவந்த பாணைத் தானே சாப்பிட்டதை எங்களுக்குச் சொல்லி, சிரித்து, புரைக்கேறிவிட்டது. என் கணவர் சிரிக்கவில்லை. “நீங்கள் விட்டிட்டு வாங்கோ அண்ணை. என்னத்துக்கு உந்தச் சீரழிவு” என்றார்.

“விட்டா ஓவர் ஆர் தருவினம்?” என்றார் அவர்.

எங்கள் ஆட்களிடம் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனார். யாழ்ப்பாணத்துப் பெரிய கொலிஜ் ஒன்றின் பழைய மாணவர்கள் லண்டனில் சங்கம் வைத்து, கிரிக்கெட் அணியும் வைத்திருந்தார்கள். எந்தக் கொலிஜ் என்று எழுதினால் மற்றக் கொலிஜ்காரர் சண்டைக்கு வருவார்கள், விடுகிறேன். அவர்களுடைய விண்ணப்பப் படிவத்தில் “படித்த ஆண்டுகள்” என்று ஒரு கோடு இருந்தது. குகதாசன் அண்ணை அதில் “பஸ் டிப்போ, 1971 முதல் 1984 வரை” என்று எழுதிக் கொடுத்தார். பொய் எழுத அவருக்குத் தெரியாது. அணித் தலைவர் டொக்டர் ஆனந்தராஜா அதை வாசித்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னாராம்: “குறை நினையாதையும். இது கொலிஜ் ஆக்களின்ரை சங்கம். உமக்கு விளங்கும்தானே.”

“விளங்கினது,” என்று எனக்குச் சொன்னார் அண்ணை. “பிளண்டலும் உதையேதான் கேட்டவர். அவர் இங்கிலீசிலை கேட்டவர், இவர் தமிழிலை. அவ்வளவும்தான்.”

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு வந்தது. இந்தச் சங்கத்தின் செயலாளர் கணேசலிங்கம், அவர்தான் அவர்களுடைய வேகப்பந்துக்காரரும், சாண்ட்ஃபீல்டோடு ஒரு சிநேகபூர்வ ஆட்டம் ஒழுங்குபண்ணினார். ஜனவரியிலேயே திகதி கேட்டது கிளப். கணேசலிங்கம் கெட்டிக்காரர். எங்கள் ஆட்கள் கலியாண வீடு என்றால் எதையும் போட்டுவிட்டு ஓடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். யூலை என்றால் ஆடி மாதம், ஆடியில் எவரும் கலியாணம் வைக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, யூலை பதினான்கு ஞாயிறு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆடி பிறப்பது யூலை பதினேழில். பதினான்கு இன்னும் ஆனிதான். ஆனியின் கடைசி ஞாயிறு. அதை விட்டால் ஒரு மாதம் கலியாணம் இல்லை என்பதால் லண்டனில் உள்ள அத்தனை தமிழ்க் கலியாணமும் வந்து விழுகிற ஞாயிறு. மேயில் ஊரிலிருந்து சாத்திரியார் கணித்து அனுப்பிய கடிதம் வந்தபோது, அந்தத் திகதியில் கணேசலிங்கத்தின் சொந்தத் தங்கச்சிக்கே கலியாணம். மாலை ஆறே காலுக்கு முகூர்த்தம், மோர்டனில் மண்டபம்.

ஆட்டத்தை நிற்பாட்டியிருக்கலாம். ஆனால் கிளப் ஆட்ட அட்டையை அச்சடித்துவிட்டது. “சொன்ன திகதியை மாத்தினால் வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்” என்று கணேசலிங்கம் எவருக்கும் மூச்சுவிடவில்லை. ஆட்டத்தையும் பிடிக்கலாம், கலியாணத்தையும் பிடிக்கலாம் என்று நினைத்தார். ஒரே ஒரு இடைஞ்சல். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்குத் தொடங்கும். பெண்வீட்டார் அதற்கு முதல் வீட்டிலிருந்து வெளிக்கிடவேண்டும். அது யாழ்ப்பாணத்துக் கலண்டரில் போட்ட ராகுகாலம். லண்டன் சூரியன் இரவு ஒன்பது மணிக்கும் நிற்கிற சூரியன். ஆனால் கலியாண வீட்டில் ஆர் அதைக் கதைப்பது.

அன்று தேநீர்ச் சாப்பாட்டுக்கு உதவ லென்னின் மனைவியோடு நானும் போயிருந்தேன். பவிலியனின் பரிமாறும் ஜன்னலால் மைதானம் முழுவதும் தெரியும். கதைக்கத் தேவையில்லாத நல்ல இடம்.

பழைய மாணவர் அணி ஒன்பது பேரோடுதான் வந்து சேர்ந்தது. மற்ற இரண்டு பேரும் வேறு கலியாணங்களுக்குப் போய்விட்டார்கள். சாண்ட்ஃபீல்டில் பதினொரு பேர். இப்படி வந்தால் ஒரு ஆளை இரவல் கொடுத்து, பத்துக்குப் பத்தாக விளையாடுவது அங்கே வழக்கம். பிளண்டல் தன் ஆட்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அவருடைய கண் எங்கே நிற்கும் என்று எனக்கு முதலே தெரியும்.

“கென், நீ அவர்களுக்கு விளையாடு. நீ எப்படியும் அவர்களுடைய ஆள்தானே.”

பக்கத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்த லென் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார். லென் அந்த மைதானத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை. ஆனாலும் கிளப் மதுச்சாலைக்குள் இருந்து குடிப்பதில்லை. பின்பக்க ஜன்னலால் வாங்கி, நின்றபடி குடிப்பார். உள்ளே வரவேண்டாம் என்று எவரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

குகதாசன் அண்ணை பையைத் தூக்கிக்கொண்டு எதிர் அறைக்குப் போனார். இரண்டு கதவுக்கும் இடையில் நாலு எட்டு. டொக்டர் ஆனந்தராஜா அவரை உற்றுப் பார்த்தார்.

“நீர் அந்த டிப்போக்காரர் எல்லோ?”

“ஓம் டொக்டர். நான் பந்து போடுவன்.”

“அதுக்கு எங்களிட்டை ஆக்கள் இருக்கினம். நீர் அந்தத் தூர மூலையைப் பாரும்.”

காஞ்சோண்டி மூலை. பவிலியன் ஜன்னலுக்குள் நின்று எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. ஆறு வருடமாக வெள்ளைக்காரர் அவருக்கு வைத்திருந்த மூலையை எங்கள் டொக்டர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

முதலில் எங்கள் ஆட்கள் ஆடி நூற்று முப்பத்தெட்டு எடுத்தார்கள். தேநீருக்கு நான் செய்த ரோல்ஸ் எண்பதும் பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்த நேரத்தில் பிளண்டல் எல்லாரும் கேட்கக் கேட்டார்: “அடுத்த மாதம் லோர்ட்ஸில் இலங்கை விளையாடுகிறதே, கென். நீ யாருக்குக் கைதட்டுவாய்? உண்மையைச் சொல்.” முந்தின வருடம் ஒரு அரசியல்வாதி, குடியேறி வந்தவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்று சொன்னதிலிருந்து வேலைத்தலங்களில் இந்தக் கேள்வி சளிக்காய்ச்சல் மாதிரிப் பரவியிருந்தது. மேசையில் இருந்த எங்கள் ஆட்களும் மெல்லுவதை நிறுத்திக் காது கொடுத்தார்கள். இலங்கை என்றால் இவர்கள் கோபிப்பார்கள், இங்கிலாந்து என்றால் அவர்கள் சிரிப்பார்கள்.

“பந்து போடுகிறவனுக்கு,” என்றார் குகதாசன் அண்ணை, ரோல்ஸை எடுத்துக்கொண்டு.

மூன்று மணிக்குப் பிறகு சாண்ட்ஃபீல்ட் ஆடத் தொடங்கியது. பிளண்டல் முதல் ஆளாக வந்து நின்றுவிட்டார். கணேசலிங்கம் ஓடி ஓடிப் பந்து போட்டார், ஒவ்வொரு ஓவர் முடியவும் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு விக்கெட் விழுந்தது. எழுபது ஓட்டம் ஆனபோது நாலு மணி தாண்டி ஐந்து நிமிடம். வேலிக்கு அப்பால் ஒரு வெள்ளை வான் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. கதவு திறந்தது. பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக நாலு பெண்கள் இறங்கி எல்லைக் கோட்டில் வரிசையாக நின்றார்கள்.

“கணேஸ், ராகுகாலம் வரப்போகுது. வா,” என்று மாமி முறையான ஒருவர் மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

“ரெண்டு பந்து மாமி. ரெண்டே ரெண்டு.”

“பொம்பிளை வெளிக்கிட்டு நிக்கிறாள். உனக்குப் பந்தோ?”

கணேசலிங்கம் ஒன்றைப் போட்டார். அடுத்ததைப் போட்ட வேகத்தில் நிற்கவே இல்லை. அப்படியே ஓடி, பிளண்டலைத் தாண்டி, எல்லைக் கோட்டைத் தாண்டி, வானுக்குள் ஏறிவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் ஓடினார்கள். எல்லாரும் பெண்ணுக்குச் சொந்தம், எல்லாரும் பந்து போடுகிறவர்கள். எங்கள் பக்கத்து அம்பயர் பெண்ணின் பெரியப்பா. அவரும், ஐந்து பேரின் ஸ்வெற்றரும் இடுப்பில் கட்டியபடி, மூச்சிரைக்கப் போய் முன் சீற்றில் ஏறினார். வான் போய்விட்டது. மைதானத்தில் மல்லிகை வாசம் கொஞ்ச நேரம் நின்றது.

சாண்ட்ஃபீல்ட்காரர் வாய் திறந்தபடி நின்றார்கள். “என்ன நடந்தது?” என்று பிளண்டல் கேட்டார். டொக்டர் விளங்கப்படுத்த முயன்றார். ராகு என்பது ஒரு கிரகம், உண்மையில் அப்படி ஒரு கிரகம் இல்லை, இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலரைக்கு அது வரும் என்றார். பிளண்டல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் எங்கள் பக்கம் ஐந்து பேர்தான் மிச்சம், அண்ணையையும் சேர்த்து. ஆட்டத்தை விடமுடியாது என்று பிளண்டல் தன் ஆட்கள் நாலு பேரை இரவல் கொடுத்தார். அவர்கள் பந்து பிடிப்பார்கள், தங்கள் முறை வந்ததும் போய் மட்டையோடு திரும்புவார்கள். பந்து போடமாட்டார்கள்; இரவல் ஆள் பந்து போடுவதில்லை என்பதும் வழக்கம். இப்படியாக யாழ்ப்பாணத்துப் பெரிய கொலிஜின் பழைய மாணவர் அணியில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெள்ளைக்காரர் ஆனார்கள்.

டொக்டரே பந்து போட்டார். அவர் நல்ல டொக்டர் என்று எல்லாரும் சொல்வார்கள். மூன்று ஓவரில் முப்பது போனது. குகதாசன் அண்ணை ஐந்து தடவை காஞ்சோண்டிக்குள் இறங்கி ஏறினார். ஐந்தாவது தடவை பந்தை எறியாமல், கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். அவ்வளவு தூரத்தையும் நடந்தே வந்தார். நான் கழுவிய கோப்பையைத் துடைக்காமல் நின்றேன்.

“டொக்டர், நான் போடுறன்.”

டொக்டரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “போடும் ஐசே, போடும்,” என்றார்.

பிளண்டல் மட்டையை நிலத்தில் ஊன்றினார். “இல்லை, இல்லை. கென் எங்கள் ஆள். இரவல் ஆள். இரவல் ஆள் பந்து போடக்கூடாது.”

“அவர் எங்கடை ஆள்,” என்றார் டொக்டர், இங்கிலீசிலும் ஒரு தடவை. “யாழ்ப்பாணத்தான்.”

“ஏழு கோடையாக அவர் சாண்ட்ஃபீல்ட் உறுப்பினர்.”

“நானும் அவரும் ஒரே ஊர்.”

இரண்டு பேரும் குரலை உயர்த்தினார்கள். குகதாசன் அண்ணை நடுவில் பந்தோடு நின்று ஒருமுறை இவர் முகத்தையும் ஒருமுறை அவர் முகத்தையும் பார்த்தார். தன்னை இரண்டு பக்கமும் பிடித்திழுப்பதை அவர் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்திருப்பார். முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, வராமல், மூக்கில் நின்றது.

மிச்சமிருந்த ஒரே அம்பயர் லென். அவர் இரண்டு பேரையும் பேசி முடிக்க விட்டார். பிறகு சொன்னார்: “பன்னிரண்டு மணிக்கு நான் கோடு போட்டுக்கொண்டு நின்றேன், மிஸ்டர் பிளண்டல். ‘நீ எப்படியும் அவர்களுடைய ஆள்தானே’ என்றீர்கள். அவர்களுடைய ஆள் என்றால் இரவல் இல்லை. போடு, கென்.”

பிளண்டலின் காது சிவப்புக்கு மேல் இன்னொரு சிவப்பானது.

அண்ணை நாலு எட்டு வைத்தார். படலை இல்லாத குறை ஒன்றுதான். மற்றதெல்லாம் எங்கள் வளவுதான். பந்து மேலே போய், அவசரமில்லாமல் இறங்கி, நான் மனதில் விரித்திருந்த லேஞ்சியில் விழுந்து, ஒதுங்கியது. பிளண்டல் காற்றை அடித்தார். லென்னின் மனைவி என்னைப் பார்த்தார். “உனக்கு இது தெரியுமா?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் “ஆறு வருடம்” என்று சொன்னேன்.

அதன்பிறகு நடந்ததை எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவு கெதியில் நடந்தது. பிளண்டல் கெட்டிக்காரர், அண்ணையின் பந்தைத் தடுத்துவிட்டு டொக்டரின் பந்தை அடித்தார். மற்றவர்களால் ஏலவில்லை. வங்கியில் வேலை செய்யும் ஒருவர் தூக்கி அடிக்க, எங்களுக்கு இரவல் வந்த அவருடைய சிநேகிதர் பாய்ந்து விழுந்து பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் யோசித்தார். “மன்னித்துக்கொள், டெரெக், கை தானாகப் போய்விட்டது,” என்றார். அடுத்து ஆடவேண்டியவர் அவரேதான். பந்தைத் தந்துவிட்டு ஓடிப்போய் மட்டையோடு வந்து, முதல் பந்திலேயே போனார். டெரெக் இப்போது எங்கள் பக்கத்தில் நின்று, தேவைக்கு மேல் பலமாகக் கைதட்டினார்.

எட்டு விக்கெட் விழுந்தது. நூற்று முப்பத்தாறு ஓட்டம். வெல்ல இன்னும் மூன்று. அண்ணை போட்டார். மட்டைக்கும் காலுக்கும் இடையால் போய்க் குச்சியில் பட்டது. ஒன்பது. ஆறு பேரை அவரே எடுத்திருந்தார்.

பத்துப் பேர் ஆட்டத்தில் ஒன்பது விழுந்தால் முடிந்தது. பிளண்டல் எழுபத்தொரு ஓட்டத்தோடு அந்தப் பக்கம் தனியே நின்றார். துணைக்கு நிற்க ஆளில்லை. பவிலியனைப் பார்த்தார். நான் நிற்பதைப் பார்த்தார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது.

“கென், பாட் கட்டு.”

எவருக்கும் விளங்கவில்லை.

“எங்கள் பதினோராவது ஆள் அவர். வழக்கமாக அவர்தான் கடைசியில் ஆடுவார். இன்னும் மூன்று ஓட்டம். கென், ஓடிப் போய் பாட் கட்டிக்கொண்டு வா.”

“அப்ப பந்து ஆர் போடுறது?” என்று டொக்டர் தமிழிலேயே கேட்டுவிட்டார்.

“நீங்கள்,” என்றார் பிளண்டல். அந்தத் தமிழை விளங்கிக்கொண்டவர்போல.

டொக்டரின் பந்தில் மூன்று ஓட்டம் எடுக்கக் குகதாசன் அண்ணைக்கும் ஏலும், எனக்கே ஏலும். எடுத்தால் கிளப்பில் அவரைத் தோளில் தூக்குவார்கள். டொக்டர் அவரைப் பார்த்தபடி நின்றார். மத்தியானம் தூர மூலைக்கு அனுப்பிய ஆளிடம் இப்போது கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும்.

அண்ணை பந்தைக் காற்சட்டையில் துடைத்தார். இங்கிலீசில் மெதுவாகச் சொன்னார்: “மிஸ்டர் பிளண்டல், இது என் கையில் வர ஏழு கோடை எடுத்தது. இதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு என்னால் மட்டை பிடிக்க ஏலாது. வேறு ஆளைப் பாருங்கள்.”

லென் குச்சிகளின் மேலிருந்த கட்டைகளை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். ஆட்டம் முடிந்தது. பழைய மாணவர் அணி இரண்டு ஓட்டத்தால் வெற்றி.

டொக்டர் தன் காரில் அண்ணையையும் என்னையும் மோர்டனுக்குக் கூட்டிப்போனார். முகூர்த்தம் முடிந்து சாப்பாடு நடந்தது. புல் பச்சை ஒட்டிய வெள்ளைக் காற்சட்டையோடு அண்ணை பந்தியில் இருந்தார். சுற்றிவர இருந்த, வானில் ஓடிப்போன ஐந்து பேரும் கீழே வேட்டி, மேலே கிரிக்கெட் ஸ்வெற்றர். மண்டபத்தில் குளிர் அதிகம். கணேசலிங்கம் சோற்றோடு கையை நிறுத்தி, “ஆறு விக்கெட்டோ? நீங்களோ அண்ணை?” என்று மூன்று தடவை கேட்டார். அடுத்த கூட்டத்தில் அண்ணைக்கு விசேட அங்கத்துவம் கொடுக்கத் தீர்மானம் போடலாம் என்று டொக்டர் சொன்னார்.

“படிவத்திலை டிப்போவுக்கு ஒரு கோடு போடுவியளோ?” என்று கேட்டார் அண்ணை.

டொக்டர் பாயசத்தைக் குடித்தார். “போடுவம்,” என்றார் பிறகு.

அடுத்த சனிக்கிழமை அவர் வழக்கம்போல சாண்ட்ஃபீல்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன், லென்னின் மனைவிக்கு ரோல்ஸ் கொடுக்கவேண்டும் என்று ஒரு சாட்டு. அணி மைதானத்தில் இறங்கியது. அண்ணை பழக்கத்தில் காஞ்சோண்டி மூலைக்கு நடக்கத் தொடங்கினார். பாதி வழியில் பிளண்டல் கூப்பிட்டார். “நீ பந்து போடுவாய் என்று எனக்கு ஏன் சொல்லவில்லை, கென்?” என்று உண்மையான கவலையோடு கேட்டுவிட்டு, புதுப் பந்தை அவரிடம் எறிந்தார். பிறகு மூலையில் நிற்க ஆள் தேடினார். ஒருவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. கடைசியில் அவரே அங்கே நடந்தார்.

அண்ணை நாலு எட்டு வைத்துப் போட்டார். எதிர் அணியின் ஆரம்ப ஆட்டக்காரர் ஒரு குண்டு மனுசன். காலை முன்னே வைத்து ஓங்கி ஒரு அடி. பந்து வானத்தில் போய், பிளண்டலின் தலைக்கு மேலால், காஞ்சோண்டிக்குள் விழுந்தது. ஆறு. பிளண்டல் நீள ஸ்வெற்றரைக் கைவரை இழுத்துவிட்டுக்கொண்டு பற்றைக்குள் இறங்கினார்.

இனி அண்ணைக்குப் பந்து கிடைக்காது என்று நினைத்தேன். ஆனால் மைதான நடுவில் குகதாசன் அண்ணை இடுப்பில் இரண்டு கையையும் வைத்து, தலையை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டு நின்றார். வேலியோரம் நின்ற என்னைக் கண்டு, மைதானத்துக்குக் குறுக்காலேயே கேட்டார்:

“பாத்தனியே தங்கச்சி, என்ரை பந்துக்கு அடிச்ச அடியை?”

பற்றைக்குள்ளிருந்து பந்து வர நேரமெடுத்தது. அவர் அவசரப்படவில்லை. இன்னும் ஐந்து பந்து இருந்தது.